சீவி வைத்த சாலை

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஒரு பெண், ஐம்பத்தோரு வயதில் எதற்காக இருநூறு கிலோமீட்டர் சரளைச் சாலையில் சைக்கிள் பந்தயத்துக்குப் போனாள் என்று கேட்டால், நழுவி விழுந்த ஒரு மூக்குக் கண்ணாடியைத்தான் கைகாட்ட வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மாட்டு டாக்டர் அந்தக் கடைக்கு வந்தாள். சின்ன வயது, வெயிலில் வெந்த முகம், ஓயாத வாய். கண்ணாடி வாங்கிப் போனவள் பதினைந்து நாளில் மூன்று தடவை திரும்பி வந்துவிட்டாள். மூன்று தடவையும் ஒரே புகார்தான்: சைக்கிளில் போகும்போது கண்ணாடி நழுவுகிறது. பின்னறையில் சாணைக்கல்லுக்கும் தண்ணீர்த் தட்டுக்கும் நடுவே இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, அரை மில்லிமீட்டர் இந்தப் பக்கம், கால் மில்லிமீட்டர் அந்தப் பக்கம் என்று தேய்த்துத் தேய்த்தே வயசான நம் ஆளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் உட்கார வைத்த கண்ணாடி ஒன்று நழுவியதாகச் சரித்திரமே கிடையாது.

"கடையில நல்லாத்தான் உக்காருது. ரோட்டுலதான் உக்கார மாட்டேங்குது. நம்பலைன்னா நீங்களே வந்து பாருங்கக்கா," என்றாள் மாட்டு டாக்டர்.

வந்து பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டு டாக்டரின் பழைய சைக்கிளில், அதே மாதிரிக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் சரளையில் குலுங்கிக் குலுங்கிப் போனாள். குற்றம் மூக்கில் இல்லை, காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் இருக்கிறது என்று நாலாவது கிலோமீட்டரிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அன்று சாயங்காலமே சூடு காட்டி வளைத்துக் கொடுத்தாள். கண்ணாடி நின்றுவிட்டது. அவள்தான் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கடுத்த ஞாயிறும் போனாள், மூன்றாம் மாதம் சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கினாள். சரளையில் சைக்கிள் ஓட்டுகிற கூட்டம் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பேர் வைத்து, தன்னோடு சேர்த்துக்கொண்டது.

அந்தக் கூட்டம் வருஷத்துக்கு ஒரு தடவை பந்தயம் நடத்தும். காலை ஆறு மணிக்கு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கிளம்பி, தோட்டங்கள், கல் குவாரிகள், பொட்டல் காடுகள் என்று இருநூறு கிலோமீட்டர் சுற்றி அதே மைதானத்துக்கு வர வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். ஏழுக்குள் வந்தவர்களுக்கு மணி அடிப்பார்கள், அவரவர் சட்டையில் குத்தியிருக்கும் எண்ணைக் கரும்பலகையில் எழுதுவார்கள். பரிசு, பதக்கம் எதுவும் கிடையாது. அந்தக் கரும்பலகையில் இடம்பிடிக்கத்தான் நூற்றறுபது பேர் முதுகெலும்பை அடகு வைக்கிறார்கள்.

கண்ணாடியக்கா முதல் தடவை தொண்ணூறாவது கிலோமீட்டரில் வாந்தியெடுத்து, பின்னாலேயே வரும் பொறுக்கு வண்டியில் ஏறினாள். முடியாதவர்களைப் பொறுக்கிக்கொண்டு வரும் அந்த வேனுக்குப் பந்தயக்காரர்கள் வைத்திருக்கும் பேர் எமன் வண்டி. இரண்டாம் தடவை எமன் வண்டிக்கு டிமிக்கி கொடுத்து முழுசாக ஓட்டி முடித்தாள். ஆனால் மைதானத்துக்கு வந்தபோது மணி ஏழு இருபத்திரண்டு. கரும்பலகையை உள்ளே தூக்கிப்போய்விட்டிருந்தார்கள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆள், "யாரும்மா நீங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வி ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

மூன்றாம் தடவைக்குப் பேர் கொடுக்கும்போதுதான் சேதி தெரிந்தது. அடுத்த வருஷத்திலிருந்து நேரத்தைப் பன்னிரண்டு மணியாகக் குறைக்கப் போகிறார்களாம். பதின்மூன்று மணி நேரத்திலேயே முட்டி மோதுகிறவளுக்குப் பன்னிரண்டு எப்படி எட்டும்? ஆகவே இந்த வருஷம் விட்டால் விட்டதுதான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

இனி வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சாலைத் துறையில் கிரேடர் ஓட்டுகிறவர். நீளமான மஞ்சள் வண்டி, வயிற்றுக்கு நடுவே ஆள் உயரத்தைவிட நீளமான பிளேடு, அதை இறக்கிச் சரளைச் சாலையைச் சீவிக்கொண்டே போகும். மேடு கரையும், பள்ளம் நிரம்பும். முப்பது வருஷமாக இதே வேலை. மேடு பள்ளம் என்றால் அவருக்கு ஆகாது. வீட்டில் அடுப்பு, கட்டில், சுவரில் மாட்டிய படம், எல்லாவற்றின் மேலும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நிற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. துறையில் அவர் பேரே ரசமட்டம்தான்.

சைக்கிள் விஷயத்தில் அவர் எதிர்ப்பும் சொன்னதில்லை, ஆதரவும் சொன்னதில்லை. போன வருஷம் ஏழு இருபத்திரண்டுக்கு அவள் அழுதுகொண்டே வந்தபோது, "வந்து சேர்ந்துட்டியே, அது போதாதா?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாது என்பது இந்த மனுஷனுக்கு எப்படிப் புரியும் என்று நினைத்து மூன்று நாள் பேசவில்லை. அதற்கப்புறம் சைக்கிளைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை.

அதனால்தான் பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தது அவளுக்கு அதிசயமாக இருந்தது. மேலெல்லாம் புழுதி. லீவு நாளில் எங்கே போய்ப் புழுதியாக்கிக்கொண்டு வந்தார் என்று தெரியவில்லை.

"நாளைக்கு ஒரு இடத்துல என்னை நினைச்சுக்குவ," என்றார்.

"எந்த இடத்துல?"

"வந்தா உனக்கே தெரியும்."

கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பு மட்டும் சிரித்தார். எங்காவது மரத்தில் பேனர் கட்டி வைத்திருப்பாரோ என்று அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. ஆனால் படுக்கும்போது மனசு லேசாக இருந்தது உண்மை.

மறுநாள் நன்றாகவே ஆரம்பித்தது. முதல் ஐம்பது கிலோமீட்டர் காற்று முதுகைத் தள்ளியது. நூறாவது கிலோமீட்டரில் அவித்த உருளைக்கிழங்கை உப்பில் புரட்டித் தின்றாள், வாந்தி வரவில்லை. அவளுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பேர் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தபால்காரர், ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருப்பவர், வாய் மட்டும் ஓய்வே கேட்காது. இன்னொருத்தி பேக்கரியில் மாவு பிசைகிறவள், தோள் இரண்டும் தூண் மாதிரி, பேச்சு அளந்துதான் வரும். மூன்று பேரும் மாறி மாறி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டார்கள். நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் கடைசித் தங்கலுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று இருபது. போன வருஷம் இதே இடத்துக்கு வந்தது நாலு பத்துக்கு.

"அம்பது நிமிஷம் மிச்சம்!" என்று கண்ணாடியக்கா சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண், "இனிமே கவலையே இல்லைக்கா. இங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பதினெட்டு கிலோமீட்டர் புதுசா சீவிப் போட்டிருக்காங்களாம்," என்றாள்.

சட்டென்று புரிந்துவிட்டது. லீவு நாள் புழுதி. அந்தச் சிரிப்பு. தேநீரைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே ஒரு நிமிஷம் நின்றாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் ஒரு முழம் துணி தானாக வாங்கி வந்ததில்லை. இப்போது பதினெட்டு கிலோமீட்டர் சாலை வாங்கித் தந்திருக்கிறார் என்று நினைத்துச் சைக்கிளில் ஏறினாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு கிலோமீட்டர் நீடித்தது.

புதிதாகச் சீவிய சாலை பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. நடுவே லேசாக உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து, ஒரு குழி, ஒரு வரி இல்லாமல், நேராகக் கண்ணுக்கெட்டிய தூரம் போனது. முன்சக்கரம் அதற்குள் இறங்கியதும் கொழகொழவென்று ஆடி, மூச்சு முட்டினது போல நின்றுவிட்டது. கண்ணாடியக்கா பக்கவாட்டில் சாய்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். தபால்காரர் பத்தடி தாண்டி விழுந்தார். பேக்கரிக்காரி விழவில்லை, ஆனால் நகரவும் இல்லை.

விஷயம் இதுதான். பிளேடு சீவும்போது வருஷக்கணக்காக இறுகிக் கிடந்த மேல்தளம் உடைந்து, கல்லும் தூளுமாக நாலு விரல்கடை ஆழத்துக்குத் தளர்ந்துபோகும். அதன்மேல் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால்தான் அது சாலை. ஓட்டாவிட்டால் வெறும் கல் படுக்கை. காருக்கும் லாரிக்கும் அகலமான டயர், அவை அழுத்திக்கொண்டு போய்விடும். விரல் அகல டயருக்கு அது சேறு. உருளை வண்டி அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் அவசரப்பட்டு முதல் பாதி வேலையை மட்டும் செய்து வைத்திருக்கிறார். அவர் மனசில் ஓடிய கணக்கு அவளுக்குக் காதில் கேட்பது போலவே இருந்தது: கனமான வண்டிதானே புதையும், சைக்கிள் காத்து மாதிரி, அது எங்கே புதையப் போவுது?

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று சொல்வதெல்லாம் இந்த மாதிரிக் காரியத்துக்குத்தான்.

இறங்கித் தள்ளினார்கள். தள்ளினாலும் சக்கரம் கல்லை உழுதுகொண்டு போனது. ஷூவுக்குள் கல், காலுறைக்குள் தூள். இரண்டு கிலோமீட்டர் போக முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. மிச்சம் என்று கத்திய ஐம்பது நிமிஷம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பின்னால் எமன் வண்டியின் புழுதி தெரிந்தது.

"எந்த மடையன்யா இதைச் சீவினவன்?" என்றார் தபால்காரர். "இன்னிக்குன்னு பார்த்துச் சீவணுமா? அவனுக்கு வீடு வாசல், பொண்டாட்டி புள்ளை இல்லையா?"

பொண்டாட்டி பக்கத்திலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். வெட்கம் பாதி, ஆத்திரம் பாதி. கல்லானாலும் கணவன் என்பார்கள். இவள் கணவன் பதினெட்டு கிலோமீட்டருக்குக் கல்லாகவே பரவிக் கிடந்தார். கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே, இவர் எதைத்தான் கேட்டுச் செய்திருக்கிறார் என்று மனசுக்குள் வைதுகொண்டே வந்தாள். அப்புறம் இன்னொன்றும் தோன்றியது. நான்தான் எதைச் சொன்னேன்? ஒரு வருஷமாகச் சைக்கிள் என்ற பேச்சையே எடுக்கவில்லையே.

அந்த இடத்தில் சாலை ஒரு மதகின் மேல் போனது. மதகுக் கட்டைச்சுவர் அருகே பிளேடு போகமுடியாத மூலையில் கல்லை யாரோ கையாலேயே வாரி இழுத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். வாரியின் பல் தடம் வரிசையாக, சீப்பு வாரிய தலை மாதிரி அப்படியே இருந்தது. வெயிலில் வண்டியை நிறுத்தி இறங்கி, வாரியை எடுத்து, யாரும் பார்க்காத மூலையை அந்த மனுஷன் இழுத்துக்கொண்டு நின்றதை நினைத்தபோது அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மதகுக்கு அடுத்து ஒரு கிலோமீட்டர் கல் நட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள்.

தினம் ராத்திரி சாப்பிடும்போது அவர் பிளேடைப் பற்றிப் பேசுவார். அவள் காதை அவரிடம் கொடுத்துவிட்டு மனசை வேறு எங்காவது அனுப்பிவிடுவாள். எல்லாக் குடும்பத்திலும் உள்ளதுதான். ஆனாலும் முப்பது வருஷம் கேட்டால் கொஞ்சமாவது ஒட்டாமல் போகுமா? கிலோமீட்டர் கல் நட்ட பக்கத்தில் ஒரு முழம் விட்டுவிட்டுத்தான் சீவுவேன், கல்லில் பட்டால் பிளேடு பல் இளித்துவிடும் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

ஒரு முழம்! அது எங்கே?

சாலையின் அந்த ஓரத்தில் பிளேடு ஒதுக்கிய கல், கணுக்கால் உயரத்துக்கு நீளமாக வரப்பு கட்டிக் கிடந்தது. சாலை அதோடு முடிந்துவிட்டது போலத்தான் யார் கண்ணுக்கும் தெரியும். அவள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அந்த வரப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். வரப்புக்கும் சாக்கடைப் பள்ளத்துக்கும் நடுவில், ஆடுமாடு நடந்து நடந்து சிமென்ட் மாதிரி இறுகின பழைய தரை, கை முழம் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிளேடு அதைத் தொடவே இல்லை.

"இங்க வாங்க! இங்க ஓட்டலாம்!" என்று கத்தினாள்.

தபால்காரர் வந்து பார்த்து, "இது ரோடா, கோடா?" என்றார். "பள்ளத்துல விழுந்தா அள்ளிட்டுப் போகணும்க்கா."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? ஏறுங்க," என்றாள் கண்ணாடியக்கா. கால் மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவளுக்கு ஒரு முழம் என்பது ராஜபாட்டை.

ஏறப்போனவள் மறுபடி இறங்கினாள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்த வழி எப்படித் தெரியும்? குனிந்து இரண்டு கையாலும் வரப்புக் கல்லை அள்ளித் தள்ளி வாசல் மாதிரி ஒரு திறப்பு பண்ண ஆரம்பித்தாள்.

"நேரம் போகுதுக்கா," என்றாள் பேக்கரிக்காரி.

"எங்க வீட்டு ஆளு கொட்டினது. நான்தான் அள்ளணும்."

அவள் சொன்னது மற்ற இருவருக்கும் விளங்கவில்லை. வெயிலில் பேச்சு தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பேக்கரிக்காரி குனிந்து, மாவு பிசைகிற கையால் நாலே வீச்சில் மொத்தக் கல்லையும் ஒதுக்கிவிட்டாள். தபால்காரர் தன் சிவப்புக் கைக்குட்டையை அவிழ்த்துக் கிலோமீட்டர் கல்லில் கட்டினார். ஐந்து நிமிஷம் போனது.

அதற்கப்புறம் பதினாறு கிலோமீட்டரும் ஒருவர் பின் ஒருவராக அந்த முழ அகலத்திலேயே போனார்கள். கண்ணாடியக்கா முன்னால். இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் கல் வரப்பு, பார்வையைச் சக்கரத்துக்கு ஆறடி முன்னால் ஆணி அடித்தது போல வைத்துக்கொண்டு போனாள். கல் நட்ட இடம் வரும்போதெல்லாம் "கல்லு!" என்று கத்துவாள், பின்னால் இரண்டு குரல் "கல்லு!" என்று வாங்கிக்கொள்ளும். வழியில் கல் படுக்கையில் தள்ளிக்கொண்டு போன நாலு பேரைத் தாண்டினார்கள், அவர்களும் வரப்பைத் தாண்டி வால் பிடித்துக்கொண்டார்கள். தபால்காரர் ஒரு தடவை பள்ளத்தில் இறங்கி ஏறி, "தபால் தவறுதலாக வேறு முகவரிக்குப் போய்விட்டது," என்று அறிவித்தார்.

பழைய சாலை திரும்ப வந்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. மிச்சம் முப்பத்தோரு கிலோமீட்டர், கையில் ஒன்றரை மணி நேரம் சொச்சம். கண்ணாடியக்கா வாழ்நாளில் கடைசி முப்பது கிலோமீட்டரை அந்த வேகத்தில் ஓட்டியது கிடையாது. தொடை இரண்டும் தன்னுடையவை இல்லை என்பது போல எரிந்தன. பேக்கரிக்காரி முன்னால் போய், "என் முதுகைப் பாருங்க, வேற எதையும் பார்க்காதீங்க," என்றாள். அந்த அகலமான முதுகைப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். மணியைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாள்.

ஆறு ஐம்பத்தாறுக்குப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினாள். மணி அடித்தது. அவளுக்காக அடித்தது. கரும்பலகையில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் நூற்றுப் பதினெட்டு என்று எழுதினார்கள். சைக்கிளை விட்டு இறங்கத் தெரியாமல் அதன் மேலேயே குனிந்து அழுதாள். மாட்டு டாக்டர் ஓடி வந்து இடுப்பைப் பிடித்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தாள். ஏழு அடிப்பதற்குள் சிவப்புக் கைக்குட்டையைப் பார்த்து வந்தவர்களில் இன்னும் ஐந்து பேருக்கு மணி அடித்தது.

அழுகை அடங்கியதும் அவரைத் தேடினாள். மைதானத்து மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அவளுடைய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கே வந்துவிட்டாராம். அதாவது வந்து சேர்ந்த ஒவ்வொருத்தரும் அந்தப் பதினெட்டு கிலோமீட்டரைத் திட்டியதை ஐந்து மணி நேரம் நின்று கேட்டிருக்கிறார். முகம் செத்துப்போயிருந்தது. மணி அடித்தபோது ஓடிவர நினைத்துக் கால் வராமல் நின்றவர் மாதிரி இருந்தார்.

அவள் எழுந்து போவதற்குள் பந்தயம் நடத்துகிறவரின் மனைவி ஒரு அட்டையில் செருகின தாளோடு வந்துவிட்டாள். "சாலைத் துறைக்குப் புகார் எழுதியிருக்கோம். வந்தவங்க எல்லாரும் போட்டாச்சு, நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுடுங்கக்கா."

கண்ணாடியக்கா வாங்கிப் படித்தாள். தண்ணீர் தெளிக்காமல், உருளை ஓட்டாமல், பாதி வேலையில் சாலையை விட்டுச் சென்ற ஓட்டுநர் மேல் விசாரணை வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள். நூறுக்கு மேல் இருக்கும். முதல் கையெழுத்து மாட்டு டாக்டருடையது. நாலாவது கையெழுத்தைப் பார்த்ததும் அவள் கண் அங்கேயே நின்றது. கீழே அளவுகோல் வைத்தது போல நேராகக் கோடு இழுத்த அந்தக் கையெழுத்தை அவள் முப்பது வருஷமாகப் பார்க்கிறாள்.

தாளை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நொண்டிக்கொண்டே போனாள்.

"என்னங்க இது? நீங்களே போட்டிருக்கீங்க?"

அவர் அவளை நேராகப் பார்க்கவில்லை. "படிச்சுப் பார்த்தேன். எழுதியிருந்தது எல்லாம் சரி. பாதி வேலைதானே செஞ்சேன்? சரியான புகாருக்குக் கையெழுத்து போடாம எப்படி இருக்கிறது?"

"நான்தான் சீவினேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வாய் வரலைம்மா. கைதான் வந்துச்சு. நீ வரமாட்டேன்னு நினைச்சேன். என்னாலதான் உனக்கு இந்த வருஷமும் போச்சுன்னு நினைச்சுட்டு நின்னேன்."

அவள் திரும்பினாள். மைதானத்தில் எழுபது எண்பது பேர் தேநீரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கடையின் பின்னறையில் வாடிக்கையாளர் முகம்கூடப் பார்க்காமல் வேலை செய்கிறவள், அத்தனை பேர் முன்னால் தொண்டையைச் செருமினாள்.

"அந்த ரோட்டைச் சீவினது எங்க வீட்டுக்காரர்தான். லீவு போட்டுச் சீவினார். எனக்காகத்தான் சீவினார். நான் குலுங்காமப் போகணும்னு."

காலையிலிருந்து அந்த ஓட்டுநரின் ஏழு தலைமுறையையும் இழுத்தவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள். முதலில் வாய் திறந்தது தபால்காரர்தான்.

"அப்போ கல்லோரமா வழி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சதும் அவராலதானா! அண்ணே, நான் மடையன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். அந்த ஒரு முழத்துக்கு மட்டும்."

சிரிப்பு வெடித்தது. பந்தயம் நடத்துகிறவர் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து, "தெரியாமப் போச்சுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்," என்று தாளுக்குக் கை நீட்டினார்.

"கிழிக்காதீங்க!" என்றார் ரசமட்டம் பதறிப்போய். "இதை அனுப்புங்க. ரெண்டு வருஷமா உருளை வண்டி கேட்டு எழுதிக்கிட்டிருக்கேன், ஒருத்தரும் சீந்தலை. நூறு கையெழுத்து போனாத்தான் வண்டி வரும். எனக்கு நாலு வார்த்தை திட்டு விழும், விழட்டும். செஞ்சதுக்கு விழுந்துதானே ஆகணும்?" பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நீயும் போடு."

"நான் போடணுமா?"

"உனக்குத்தானே அதிகமாப் பட்டிருக்கு. முழங்கையைப் பாரு."

அவள் முழங்கையைப் பார்த்தாள். ரத்தம் காய்ந்து புழுதியோடு ஒட்டியிருந்தது. பேனாவை வாங்கி, தொட்டியின் விளிம்பில் அட்டையை வைத்து, தாளின் கடைசியில் கையெழுத்துப் போட்டாள். அவர் துண்டை நனைத்துப் பிழிந்து முழங்கையைத் துடைக்க ஆரம்பித்தார். எரிந்தது. கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள்.

"அடுத்த வருஷம் பன்னெண்டு மணி நேரமாமே?" என்றார், துடைத்துக்கொண்டே. எங்கிருந்தோ கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார்.

"ஆமா."

"வருவியா?"

காலையில் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். இப்போது கல் படுக்கையில் தொலைந்த நேரத்தை மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். அது இல்லாவிட்டால் பன்னிரண்டு ஒன்றும் வானம் இல்லை.

"வரலாம்னுதான் தோணுது."

அவர் துண்டை மறுபடி நனைத்தார். பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு, கிரேடர் ஓட்ட வந்த நாளிலிருந்து யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"சைக்கிளுக்கு ரோடு எப்படிம்மா இருக்கணும்?"

கண்ணாடியக்காவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. நிற்கத்தான் தெம்பில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, உள்ளங்கையால் மண்ணைத் தட்டித் தட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.